மாப்பிள்ளைக்கு எடுத்த கடிகாரம்

சென்ற வாரம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரிப் பட்டிமன்றத்தில், கைபேசி இருக்கையில் கைக்கடிகாரம் எதற்கு என்று கேட்ட அணியை நான் தோற்கடித்தேன். தோற்கடிப்பது எனக்குப் புதிதன்று. அடக்கம் எனக்குப் பழக்கமன்று. மேடையேறியதும் என் கடிகாரத்தைக் கழற்றி ஒலிவாங்கிக்கு அருகே வைத்தேன். தோல்வாரில் ஊறியிருந்த வியர்வை வாடை மூக்கில் ஏறியது. "நேரம் பார்க்கவா கடிகாரம் கட்டுகிறோம்? நேரத்தைத் தெருமுனைத் தேநீர்க்கடையும் சொல்லும். என் கை வெறுங்கையன்று என்று ஊருக்குச் சொல்லத்தான் கட்டுகிறோம்" என்று முழங்கினேன். கைத்தட்டலும் கிடைத்தது. இறங்கி வந்தபோது ஒரு முதலாண்டு மாணவி கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு ரொம்பப் புடிச்ச வாட்ச் எது?"

என்னிடம் ஏழெட்டு உண்டு, நண்பரே. பாதிக்குமேல் பரிசாக வந்தவை. மீதி, பரிசு கிடைக்காத கோபத்தில் நானே வாங்கிக்கொண்டவை. ஆயினும் நாவில் வந்து நின்ற விடை, என்னிடம் இல்லாத ஒன்றைப் பற்றியது. அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அது அந்துருண்டை மணக்கும் கடிகாரம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் அண்ணன், அக்காவின் கல்யாணத்துக்கென்று வாங்கி வந்தது. மாப்பிள்ளை அழைப்பின்போது பெண்ணோடு பிறந்தவன் மாப்பிள்ளையின் கையில் கடிகாரம் கட்டிவிடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். திருவிடைமருதூரைச் சுற்றிய எங்கள் பக்கத்து மனிதர்கள் சாம்பாரில் உப்புக் குறைந்தால் மன்னிப்பார்கள். கடிகாரத்தில் குறை வந்தால் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

"பேட்டரியே கெடயாதும்மா. சாவியும் குடுக்க வேணாம். அதுபாட்டுக்கு ஓடும்" என்றான் அண்ணன். அம்மா பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கல்யாணச் சேலைகளுக்கு நடுவில் வைத்து பீரோவைப் பூட்டினாள். அப்போது நான் பிளஸ் டூ. ஒரு பேச்சுப் போட்டிக்கு மட்டும் கட்டிப் போகிறேன் என்று கெஞ்சினேன். "கட்டுன சாமானயா மாப்பிள்ளைக்குக் குடுக்குறது? வேற கை படக்கூடாதுடி" என்றாள்.

அந்த மரியாதைதான் கடிகாரத்தைக் கொன்றது. கையின் அசைவால் மட்டுமே ஓடும் வகை அது. யாரும் கட்டாமல் கிடந்தால் ஓரிரு நாளில் நின்றுவிடும். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. வாங்கி வந்த அண்ணனுக்கும் தெரியாது.

மண்டபத்தில், தாம்பூலத் தட்டில் பெட்டியைத் திறந்து வைத்து, வெற்றிலை கூடச் சரியாதபடி அண்ணன் ஏந்தி வந்தான். மாப்பிள்ளையின் தாயார் குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, முள்ளு நிக்குது?"

அக்கணமே மேளமும் நின்றது என்று சொன்னால் பேச்சுக்கு அழகாயிருக்கும். நிற்கவில்லை. அதற்கும் மேலாக அவர் குரல் எழுந்தது. "நின்னுபோன கடியாரத்தயா எம்புள்ள கையில கட்டப் போறீங்க?"

"புதுசுங்கம்மா, கடையில ஓடிக்கிட்டுதான்..." என்றான் அண்ணன்.

"புதுசே நிக்குதுன்னா, பொண்ணு எப்புடி ஓடும்?" என்றது பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. மணக்கோலத்தில் நின்ற அக்காவின் காதுவரை அது போனது. நான் வாயைத் திறந்தேன். "பேச்சுப் போட்டியா நடக்குது? உள்ள போடி" என்று அம்மா என்னைத் தள்ளினாள்.

அப்போது முன்னே வந்தார் மாப்பிள்ளையின் அக்காள் கணவர். பெரிய மாப்பிள்ளை என்பார்கள். கடிகாரப் பித்தர், ஒரு விருந்துக்குக் கட்டியதை மறு விருந்துக்குக் கட்டாதவர். "விடுங்கத்த. எங்கிட்ட குடுங்க, நான் பாத்துக்குறேன்" என்று பெட்டியை மூடி, நிறைகுடம் ஏந்துவதுபோல் இரு கைகளாலும் அலுங்காமல் எடுத்துச் சென்றார். அந்தப் பண்பைக் கண்டு அம்மாவுக்குக் கண் கலங்கியது. அண்ணன் கும்பகோணத்துக்கு ஓடி ஒரு பேட்டரிக் கடிகாரம் வாங்கி வந்து கட்டினான். கல்யாணம் நடந்தது.

கடிகாரம் போயிற்று, பேச்சுப் போகவில்லை. அக்காவுக்கு முதல் கரு கலைந்தபோது, "வரும்போதே நின்ன கடியாரத்தோட வந்தவதான" என்றார் மாமியார். குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமானாலும் அவளே காரணம். மேட்டூர் அணையின் சாவி ஏதோ என் அக்காவின் முந்தானையில் முடிந்திருப்பதுபோல. சோறு வடிக்கச் சற்றே நேரமானால், "ஏய், நின்ன கடியாரம்." மாப்பிள்ளை நல்லவர்; அதாவது, இவ்வளவையும் கேட்டுக்கொண்டு பேசாமல் சாப்பிடக் கூடியவர். அண்ணனோ விடுமுறையில் வந்தாலும் அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

மாமியார் இறந்த பிறகுதான் மிதித்தான். கருமாதி முடிந்த பிற்பகலில், "வாங்க தம்பி, காப்பி குடிக்கலாம்" என்று அடுத்த தெருவிலிருந்த தம் வீட்டுக்கு அண்ணன், அக்கா, நான் என்று எங்கள் மூவரையும் அழைத்துப் போனார் பெரிய மாப்பிள்ளை. கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழை. உள்ளே மின்சாரத்தில் மெல்லச் சுழலும் கையளவு மெத்தைகள், மெத்தைக்கொரு கடிகாரம்.

"கொழந்தைங்க மாதிரி தம்பி. ஆட்டிக்கிட்டே இருக்கணும், இல்லாட்டித் தூங்கிடும்" என்றார். அந்தக் குரலில் இருந்த கனிவை நான் இன்றும் மறுக்க மாட்டேன். அவற்றுள் ஒன்று எங்களுடையது. முள் ஓடிக்கொண்டிருந்தது.

"ரிப்பேர் பாத்தீங்களாண்ணே?" என்றான் அண்ணன்.

"ரிப்பேரா? அதுக்கு ஒண்ணுமே இல்லியே. ஒரு குலுக்கு குலுக்குனா ஓடுற சாமான். தட்டுல பாத்தப்பவே தெரியும்."

"அப்பவே சொல்லிருக்கலாமேண்ணே."

"யாரு கேட்டா?" பேழையின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். "சொல்லிருந்தா உங்க மச்சான் கையில ஏறிருக்கும். இதோட அரும அவனுக்கு என்ன தெரியும்?"

அலுங்காமல் அவர் எடுத்துச் சென்றது பண்பினால் அன்று. அலுங்கினால் அத்தனை பேர் முன்னிலையிலும் அது ஓடியிருக்கும்.

அந்த மனிதரைத் தோலுரிக்க என்னிடம் சொற்கள் இருந்தன. முன்னுரை, எடுத்துக்காட்டு, முடிவுரை உட்பட. அக்கா என் முழங்கையைப் பற்றி நிறுத்தினாள். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "அத்தகிட்ட சொல்லணுமே" என்றாள். அத்தையின் படத்துக்கு அன்று காலையில்தான் மாலை போட்டிருந்தோம்.

இப்போது மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்டும் வழக்கம் எங்கள் பக்கத்தில் அநேகமாக இல்லை. இரவில் மின்சாரம் குடித்துப் பகலில் விளங்கும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை மாப்பிள்ளைகளே வாங்கிக்கொள்கிறார்கள். அந்த மண்டபம் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. பின்வரிசையில் சிரித்தவர்களிலும் பலர் இல்லை. சொன்னவரும் போய், சொன்னதற்கான காரணமும் மறந்துபோன வீடு, அக்காவின் வீடு.

பொங்கல் விடுமுறை முடிந்து நான் அங்கிருந்து புறப்பட்ட காலையில், அக்காவின் மகன் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "நேரமாச்சு. சீக்கிரம் வா, நின்ன கடியாரம்" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

"யாரைடா அப்புடிச் சொல்ற?" என்றேன்.

"அம்மாவத்தான் சித்தி. அம்மா பேரு அதான."