சத்தம் நின்றால் திரும்புகிறவர்

கார்த்திகையில் எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து தனுஷ்கோடிக்கு டூர் போனோம். மற்றவர்கள் அலையில் ஆட, நான் கரையோரம் நடந்து பறவை பார்த்தேன். எனக்கு அதுதான் சுகம். கூட வந்தவர் துணி பின்னும் மெஷின் ஓட்டுகிற ஒரு நிட்டிங் ஆபரேட்டர். நெட்டையான, நரைத்த மனிதர். மெஷின் இரைச்சலுக்காக வைத்துப் பழகியதில், காதில் எப்போதும் பஞ்சு. ஆலாப் பறவைகள் கூட்டமாகக் கத்தியும் அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. திடீரென்று கத்தல் அடங்கியது. உடனே அவர் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். மேலே ஒரு பருந்து. ஆலாக்கள் மொத்தமாகக் கடல் பக்கம் பறந்துவிட்டன.

“எப்படிங்க தெரிஞ்சுது?”

“மெஷின் ஓடற வரைக்கும் பார்க்க ஒண்ணுமில்ல கண்ணு. நூல் அறுந்தா தானா நின்னுக்கும். அப்பத்தான் போய்ப் பார்க்கோணும்.”

திரும்பி நடக்கையில் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். வீட்டுக்காரர் பேச்சு வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டேன். முன்னால் போனவர் நின்று திரும்பினார்.

“என்னாச்சு கண்ணு?”

“ஒண்ணுமில்லீங்க” என்றேன். அவர் நகரவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.

என் வீட்டில் நாள்கணக்காகப் பேசாமல் இருந்திருக்கிறேன். ஒருவரும் தலை நிமிர்ந்ததில்லை.