தங்க மயில் சட்டை

கிள்ளானில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் சோலையப்பனுக்கு வீட்டின் மேல் தீராத மனத்தாங்கல். மனைவி நாச்சம்மை கடைக் கணக்கைப் பார்த்தாள், மகளின் டியூஷனைப் பார்த்தாள். தன்னை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லையாம். கடையும் பிள்ளையும் இருக்கிற வீட்டில் இவர் முகத்தை யார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது? ஆனாலும் அந்தக் குறையை அவன் ஊதி ஊதி வளர்த்தான்.

அதில் எண்ணெய் ஊற்றியவன் நண்பன் ஜெயராஜ்.

"பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு டான்ஸ் கிளப் இருக்கு லா. ஆடுற பொண்ணுக்கு மாலை வாங்கிப் போட்டா, பக்கத்துல வந்து உக்காந்து பேர் சொல்லிக் கூப்பிடும்!"

சரக்கெடுக்க ஈப்போ போகிறேன், காலையில்தான் வருவேன் என்று வீட்டில் புளுகிவிட்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு ஜெயராஜோடு கிளம்பினான்.

மாலை போட்டான். அந்தப் பெண்ணும் வந்து உட்கார்ந்து, தன் கிளாஸிலிருந்து அவனுக்குக் கொஞ்சம் ஊற்றினாள். அவன் குடித்து முடிப்பதற்குள் பாட்டு நின்றது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. போலீஸ்.

ஆண்களைத் தரையில் வரிசையாக உட்காரவைத்து ஐசி என்னும் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். போதைப்பொருள் இருக்கிறதா என்று சிறுநீர்ச் சோதனை உண்டு என்றார்கள். சோலையப்பன் கண்ணால் அந்தப் பெண்ணைத் தேடினான். அவள் ஊற்றியதில் என்ன கலந்திருந்ததோ! ஜெயராஜ் ஆளையே காணோம். கேமராவோடு நிருபர்கள் நுழைந்ததும் எல்லோரையும் போல அவனும் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். தப்பித்தோம் என்று மூச்சு விட்டபோதுதான் குனிந்த கண்ணில் சட்டை பட்டது.

பச்சையில் தங்க மயில். போன தீபாவளிக்கு நாச்சம்மை ஒரே துணியில் குடும்பத்துக்கே தைத்தது. அவனுக்குச் சட்டை, மகள் யாழினிக்குப் பாவாடை, தனக்கு ரவிக்கை. மூவரும் சேர்ந்து எடுத்த படம் சொந்தக்காரர்கள் போனிலெல்லாம் இருக்கிறது.

விடிந்த பிறகு, சோதனையில் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். பயம்தான் விடவில்லை. கிள்ளான் ரயிலில் எதிரே இருந்தவர் போனைப் பார்த்துச் சிரித்ததற்கே இவனுக்கு வியர்த்தது. நாச்சம்மை திட்டட்டும், காலில் விழுந்துவிடலாம். யாழினி? பதினொரு வயது. அப்பா சொன்னால் மறுபேச்சில்லாமல் நம்புகிற பிள்ளை. முருகா, அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது.

கேட்டைத் திறந்த நாச்சம்மை, அவன் உடம்பில் அந்தச் சட்டையைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"படம் குடும்ப குரூப்ல வந்துருச்சு. 'இது அப்பாவா'ன்னு பாப்பா கேட்டா. அந்தச் சட்டைய நம்ம கடை லோகனுக்கு எப்பவோ குடுத்தாச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். பின்பக்கமா போய்க் கழட்டுங்க, சீக்கிரம்!"

அவன் பொத்தானில் கை வைத்தான். அதற்குள் யாழினி வாசலுக்கு வந்துவிட்டாள். சட்டையைப் பார்த்தாள்.

"பாப்பா..." என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா, நீங்க ஏன் பொய் சொன்னீங்க?" என்று கேட்டாள்.