தின்னாமல் வைத்த திராட்சை

இந்நிகழ்வை எழுதிவைக்க வேண்டிய தேவை அண்மையில்தான் ஏற்பட்டது. தேனியில் என் தங்கையின் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் இளையவர்கள் கூடிப் போக்கர் ஆடுகின்றனர். பணயம் வறுத்த நிலக்கடலை. வாரந்தோறும் தோற்றுச் சோர்ந்திருந்த ஒருத்தியைத் தேற்றும்பொருட்டு என் தங்கை ஒரு கதையைச் சொன்னாள். நான் சிறுமியாய் இருந்தபோது, நண்பன் ஒருவன்மேல் மனமிரங்கி, வெல்லும் சீட்டுகளை வேண்டுமென்றே கீழே வைத்துவிட்டேன் என்பது அக்கதை. மாடியே என்னை வியந்து நோக்கிற்று. எங்கள் குடும்பத்தில் நெடுங்காலமாய் உலவும் கதைதான் அது. அதில் சீட்டுகளைக் கீழே வைத்தது மட்டுமே மெய். இரக்கம் பின்னாளில் எவரோ சேர்த்த அணி. அன்று நான் வெல்வதற்காகவே அமர்ந்தேன்; என் திறமையின்மேல் கொண்ட நம்பிக்கையாலேயே தோற்றேன். நடந்ததை நடந்தவாறு சொல்வதே முறை.

கம்பத்துக்கு அருகே எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. கோடை விடுமுறையில், நண்பகல் உணவுக்குப் பின் பெரியவர்கள் கண்ணயரும் வேளையில், பந்தலின் நிழலில் மூவர் அமர்வோம். என் அண்ணன், நான், அடுத்த தோட்டத்துச் சூசை. நாங்கள் ஆடியது மூன்று சீட்டு. முதலில் ஆளுக்கொரு பணயம் நடுவில்; பிறகு ஆளுக்கு மூன்று சீட்டுகள். கையிலுள்ளது நன்றென்று எண்ணுபவர் பணயத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். அஞ்சுபவர் சீட்டைக் கவிழ்த்து விலகலாம். ஒன்றுமில்லாதவர் உள்ளவர்போல் நடித்து மற்றவரை விலகச் செய்யலாம். ஆட்டத்தின் சுவையே அதில்தான் இருக்கிறது.

பணயத்தை வரையறுத்தவர் என் தாய். "காசு வச்சீகன்னா கைய ஒடிச்சுப்புடுவேன். பழத்த வச்சு என்னமும் ஆடுங்க" என்றார். ஆகவே பெட்டியில் அடுக்கும்போது உதிரும் பன்னீர்த் திராட்சையே எங்கள் நாணயம் ஆயிற்று. உண்ணத்தக்க நாணயத்துக்கு ஒரு குறை உண்டு. வெல்வதற்கு முன்பே அது வயிற்றுக்குள் போய்விடும்.

அவ்விடுமுறையின் தொடக்கத்தில் என் மாமா ஓர் அறிவிப்புச் செய்தார். அவர் தம் லாரியில் கொச்சிக்குத் திராட்சை ஏற்றிச் செல்பவர். "பள்ளிக்கூடம் தெறக்குறதுக்கு முந்தின லோடுக்கு ஒருத்தரக் கூட்டிப் போறேன். முன்னாடி ஒரு ஆளுக்குத்தேன் எடம். யாருன்னு நீங்களே பேசி முடிச்சுக்கிருங்க."

பேசி முடிப்பது எங்கள் இயல்பில் இல்லை. லாரி புறப்படும் நாளில் ஆளுக்குச் சமமான பழங்களோடு ஆடத் தொடங்கி, பெட்டிகள் கட்டி முடியும்போது எவரிடம் பழக்குவியல் பெரிதோ அவர் செல்வது என்று உடன்பட்டோம். மூவருமே கடலைக் காணாதவர்கள். "கடலு எம்புட்டுத் தூரம் தெரியும்?" என்று சூசைதான் அடிக்கடி மாமாவைக் கேட்பான். அவன் தந்தை கொச்சியில் ஏதோவொரு கிடங்கில் வேலை பார்த்தார். கிறித்துமசுக்கும் வரவில்லை, ஈசுடருக்கும் வரவில்லை. இவையெல்லாம் எனக்குத் தெரியும். மேற்கே மலை இருக்கிறது என்று தெரிந்ததைப்போலத் தெரியும்.

தொடக்கத்தில் நான் நாள்தோறும் தோற்றேன். கைக்கு வந்த சீட்டைக் கவிழ்ப்பது அதனை அவமதிப்பது என்று எண்ணினேனோ என்னவோ, எதையும் விடேன்.

"ஏண்டி, வெறுந்தாளக் குடுத்தாலும் வச்சு ஆடுவியாடி?" என்றார் அண்ணன்.

அவ்வேளனம் பயன் தந்தது. விலகக் கற்றேன். அடுத்த குறை என் முகம். எல்லாவற்றிலும் உயர்ந்த சீட்டான ஆசு ஒன்று வந்தாலே பல் தெரியும். அதனை அடக்க, நல்ல சீட்டு வரும்போதெல்லாம் மனத்துக்குள் பதினாறாம் வாய்பாடு சொல்லத் தொடங்கினேன். முகம் அடங்கிற்று, உதடுகள் அடங்கவில்லை.

"ஏலே சூச, கவுத்துருடா! இவ வாய்பாடு சொல்றா!"

இருவரும் சிரித்துக்கொண்டே விலகினர். மூன்று ராணிகளை வைத்துக்கொண்டு இரண்டே பழம் வென்ற துயரம் இன்றும் மறக்கவில்லை. மறுநாள் முதல் நல்லதோ தீயதோ எது வரினும் வாய்பாடு சொன்னேன். அண்ணன் குழம்பினார். என் குவியல் சிறிது சிறிதாக வளர்ந்தது. தோற்பவளாகவே பிறந்தவள் அல்லள் நான் என்ற எண்ணம் அப்போது உண்டாக்கிய மகிழ்ச்சியை, பிற்காலத்தில் பெற்ற பட்டங்கள் எவையும் உண்டாக்கவில்லை.

பிறரைக் கவனிக்கும் ஓய்வு அதன்பின்னரே கிடைத்தது. அண்ணன் எக்கணமும் தின்றுகொண்டிருப்பார். அவரிடம் அறிய ஒன்றுமில்லை. சூசை அப்படியல்லன். சீட்டு மோசமானால் அவன் கை தன் குவியலை நோக்கித் தானே செல்லும். எப்படியும் போகப்போகிற பழந்தானே, தின்றால் என்ன என்பது அக்கையின் தருக்கம். சீட்டு நன்றாயிருந்தால் இரு கைகளும் முழங்கால்மேல் அமர்ந்துவிடும். ஒரு பழத்தையும் தொடமாட்டான். அவனுக்கே இது தெரியாது. இதனைக் கண்டறிந்த பின்னர் அவன் மென்றால் நான் பணயத்தை ஏற்றினேன், மெல்லாதிருந்தால் விலகினேன். பெரும்பாலான நாட்களில் நானே வென்றேன். கொச்சித் துறைமுகம் ஏறத்தாழ என் கைக்குள் வந்துவிட்டது. "மாமா, எனக்குச் சன்னலோரந்தானே?" என்றுகூடக் கேட்டுவைத்தேன்.

குறித்த நாள் வந்தது. பந்தலின் மறுகோடியில் பெண்கள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தனர். சூசையின் தாயும் அவர்களுள் இருந்தார். சூசை தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கோயிலுக்கு அணியும் வெள்ளைச் சட்டையோடு வந்தான்.

"என்னலே, பூசைக்கு வந்தியா, சீட்டாட வந்தியா?" என்றார் அண்ணன்.

"சும்மாத்தேண்ணே" என்றான்.

ஆட்டம் தொடங்கியது. அண்ணன் பாதியைத் தோற்று, மீதியைத் தின்று, விரைவிலேயே வெளியேறினார். எஞ்சியவர் இருவர். நான் வழக்கம்போல் சூசையின் கையை நோக்கினேன். கை முழங்கால்மேல் இருந்தது. விலகினேன். அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே. ஒருவனுக்கு இத்தனை முறை தொடர்ந்து நல்ல சீட்டு வருமா என்று ஐயுற்றேன். ஆயினும் கண்கூடாகக் கண்டதை எப்படி மறுப்பது? என் குவியல் கரைந்தது. அவன் குவியல் உயர்ந்தது. ஓரத்தில் நசுங்கிக் கசிந்த பழத்தைக்கூட அவன் எடுத்து வாயிலிடவில்லை. துடைத்துக் குவியலிலேயே வைத்தான். அவன் தாய் வேலையை நிறுத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பழம் வீணாகிறதே என்று வருந்துகிறார் என எண்ணினேன்.

"கடைசிப் பெட்டி!" என்று மாமா அங்கிருந்து குரல் கொடுத்தார்.

கடைசிச் சுற்று. இருவர் குவியலும் அப்போது ஏறத்தாழச் சமம்; இதை வெல்பவருக்கே கொச்சி. எனக்கு இரண்டு ஆசுகளும் ஓர் ஒன்பதும் வந்தன. மூன்று சீட்டில் இது எளிதில் விடத்தக்க கை அன்று. சூசை தன் குவியல் முழுவதையும் இரு கையாலும் நடுவே தள்ளினான். பிறகு கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். வாய் அசையவில்லை. பதினாறாம் வாய்பாட்டை நான் முழுமையாக ஒருமுறை சொல்லி முடித்தேன். நான் கற்ற கலையெல்லாம் ஒன்றையே கூறிற்று. ஆசுகள் இரண்டையும் கவிழ்த்து வைத்தேன்.

அண்ணன் பாய்ந்து சூசையின் சீட்டுகளைப் புரட்டினார். இரண்டு, ஐந்து, எட்டு. சின்னத்தாலும் ஒன்றுக்கொன்று உறவில்லை.

"ஏலே! ஒண்ணுமே இல்லாமயா அம்புட்டையும் வச்ச?"

"வைக்காம என்னண்ணே செய்ய?" என்றான் சூசை. அவன் குரல் நடுங்கியது. அதையும் நடிப்பின் மிச்சம் என்றே கொண்டேன்.

அன்று மாலை லாரி குமுளி மலையேறிச் சென்றது. சன்னலோரத்தில் அந்த வெள்ளைச் சட்டை. என் உத்தியைக் கண்டுபிடித்து, அதனைக் கொண்டே என்னை வீழ்த்திவிட்டான் என்ற வியப்பும் எரிச்சலும் எனக்கு. அவன் திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாரி திரும்பியபோது மாமாவுக்கு அருகே, சூசையின் சாயலில், மெலிந்த ஒருவர் இருந்தார். அவர் மடியில் பாதியாகச் சூசை. அவர் லாரியின் பின்புறமிருந்து ஒரு தகரப் பெட்டியையும் சுருட்டிய பாயையும் இறக்கினார். சூசையின் தாய் ஓடிவந்தார். பாயை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எனக்கு இவற்றையெல்லாம் பார்க்க நேரமில்லை. சூசையைத் தனியே இழுத்தேன்.

"எப்படிடா கண்டுபிடிச்ச?"

"என்னத்த?"

"நீ பழம் திங்கிறத வச்சு நான் வெளாடுறேன்னு."

அவன் விழித்தான். "பழமா? தின்னா கொறஞ்சு போகும்ல?"

இன்னமும் நடிக்கிறான் என்று எனக்குச் சினம் மூண்டது. பேச்சை மாற்றினேன். "சரி, கடலு எப்படி இருந்துச்சு?"

"கடலா? பாக்கலயே."

"கொச்சி வரைக்கும் போயிட்டுமா?"

"நேரமில்ல" என்று கூறிவிட்டுத் தகரப் பெட்டியின் மறுகைப்பிடியைப் பிடிக்க ஓடினான்.

நான் நேரே என் தாயிடம் சென்று முறையிட்டேன். கடலையே பார்க்காமல் திரும்பியவனுக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுக்கும்படி ஆயிற்றே, எல்லாம் வீண் என்று அழுதேன். அம்மா வேலி வழியே அடுத்த தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் வழக்கின் நியாயத்தை அவர் உணரவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

நினைவிலிருந்து எழுதியமையால் சீட்டின் எண்களிலோ, பணயம் ஏற்றும் முறையிலோ பிழை நேர்ந்திருக்கலாம். அன்று பந்தலடியில் இருந்தோர், குறிப்பாகச் சூசையின் வீட்டார், இதனைக் காண நேர்ந்தால் தவறுகளைத் தயங்காது சுட்டுக, திருத்தி எழுதிக்கொள்வேன்.