லென்ஸ்காரரிடம் இருந்த கடைசி லென்ஸ்

எங்கள் கட்டடத்தில் அவரை லென்ஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார் என்று நினைத்து, உடைந்த மூக்குக்கண்ணாடியோடு மாடியேறி வந்து நின்றவர்களும் உண்டு. அவர் பழுது பார்ப்பது பழைய வீடியோ கேம் பெட்டிகளை. டிஸ்க் போட்டு விளையாடிய காலத்துப் பெட்டிகள். உள்ளே டிஸ்க் சுழலும். அதற்குக் கீழே கடுகளவு லென்ஸ் ஒன்று ஒளியைப் பாய்ச்சி அதில் உள்ளதைப் படிக்கும். லென்ஸ் போய்விட்டால் பெட்டி வெறும் டப்பா.

டிவி கம்பெனி ஒன்றின் சர்வீஸ் பிரிவில் இருந்தவர். அதை மூடிய பிறகு வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். சாப்பாட்டு மேசை முழுக்க அவருடையது. முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு பெட்டியின் திருகுகள், பிஸ்கட் டப்பாவில் பஞ்சுக் குச்சிகள், விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி, சோதித்துப் பார்க்க ஒரு சின்ன டிவி. கட்டிலுக்கு அடியில் செத்த பெட்டிகள் அடுக்கு அடுக்காகக் கிடக்கும். அவர் மனைவி சலவைக் கடையில் கல்லாவில் உட்காருகிறவர். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுப் பழகிவிட்டார். "கல்யாணத்துக்கு வாங்கின மேசை அக்கா. ஒரு வாரம் சாப்பிட்டோம். அப்புறம் இவர் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சுட்டார்" என்பார்.

நான் கீழ்வீடு. நோயாளிகளை அவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்து, வெகுகாலம் அந்த வேலையையே செய்தவள். லென்ஸ்காரருக்கு நடுக்குவாதம் என்று தெரிந்ததும், அவர் மனைவி வேலைக்குப் போகும் நேரத்தில் என்னை வந்து இருக்கச் சொன்னார். மாத்திரை, நடைப் பயிற்சி, குளியல். மாத்திரையோடு பாலும் முட்டையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மருந்து சரியாக வேலை செய்யாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் நான்.

இந்த நோயில் ஒரு கணக்கு இருக்கிறது. மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கை அடங்கும். அடங்கிய கை சிறிது நேரம் சொன்னபடி கேட்கும். பிறகு மருந்து இறங்கும். கை ஆடும், கால் தரையில் ஒட்டிக்கொண்டு வராது. லென்ஸ்காரர் கை அடங்கினால் "கரண்ட் வந்துடுச்சு சிஸ்டர்" என்பார், ஆட ஆரம்பித்தால் "கரண்ட் போச்சு" என்பார். நுணுக்கமான வேலை எல்லாவற்றையும் கரண்ட் இருக்கும் நேரத்துக்கு ஒதுக்கி வைப்பார். "மனுஷனுக்கே பவர் கட் எங்க வீட்டுல மட்டும்தான்" என்று அவர் மனைவி சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது.

ஓர் அக்காவும் அவள் தம்பியும் பெட்டி ஒன்றைப் பழுது பார்க்கக் கொண்டு வந்தது ஒரு மத்தியான நேரம். அக்காவுக்கு நாற்பது தாண்டியிருக்கும், தையல் கம்பெனியில் வேலை. தம்பி ஆறடி உயரம், அகன்ற தோள், தாடியில் ஒன்றிரண்டு நரை. மனம் மட்டும் ஆறேழு வயதோடு நின்றுவிட்டது. துண்டில் சுற்றிய ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"சார், இது ஓடலைன்னா இவன் சாப்பிட மாட்டேங்கறான்" என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"புதுசு ஒண்ணு வாங்கிக் குடுக்கலாமேம்மா. அதே கேம் இப்ப போன்லயே வருது."

"வாங்கினேன் சார். தூக்கி எறிஞ்சுட்டான். இவனே மூடியைத் திறக்கணும், இவனே டிஸ்க் போடணும், மூடணும், பட்டனை அமுக்கணும். மூணு ரேஸ். அப்புறம் இவனே ஆஃப் பண்ணுவான். அந்த நேரத்துல நான் ஊட்டிவிடுவேன். அம்மா இருந்தப்பவும் அப்படித்தான். அம்மா போனதுக்கு அப்புறமும் அப்படித்தான்."

"எத்தனை நாளா சாப்பிடலை?" என்று கேட்டேன்.

"தண்ணி குடிக்கறான். ரொட்டி வச்சா ஓரத்தைக் கடிச்சுட்டு வச்சுடறான்."

அவன் கன்னத்தைப் பார்த்தேன். உள்ளே வாங்கியிருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன், நீட்டினான். காய்ந்து வெளுத்திருந்தது. காதுக்கு மேலே அவனே அறைந்துகொண்ட தடிப்பு.

"வண்டி எப்ப வரும்?" என்று என்னிடம் கேட்டான். அந்தக் கேம் கார்ப் பந்தயம். பிறகு அதையே லென்ஸ்காரரிடம் கேட்டான். பிறகு பூதக்கண்ணாடியிடம் கேட்டான்.

லென்ஸ்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். லென்ஸ் தேய்ந்து, அது நகர்ந்து போகும் தடமும் சாய்ந்திருந்தது. "இதைத் தலைகீழாக் கவுத்து வச்சு ஓட்டிருக்கீங்களா?"

"பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு வச்சேன் சார். ஓடிச்சு. ஆனா இவன் ஒத்துக்கலை. நிமித்தி வச்சுட்டான். நிமித்தினா நின்னுடுச்சு."

"சில பெட்டி அப்படித்தாம்மா. சிரசாசனம் பண்ணினாத்தான் புத்தி வரும்."

அந்த மாடலுக்கு இப்போது கிடைப்பதெல்லாம் போலி லென்ஸ். இரண்டு நாள் ஓடும், பிறகு படுத்துவிடும். அசல் ஒன்றே ஒன்று அவரிடம் மிச்சம் இருந்தது, வெள்ளி நிற உறையைக்கூடப் பிரிக்காமல். தன் சொந்தப் பெட்டிக்கென்று வைத்திருந்தது. அலமாரியைத் திறந்து அதை எடுத்து மேசை மேல் வைத்தார். அக்கா கும்பிட்டாள். "இருங்கம்மா, ஓடட்டும்" என்றார்.

அடுத்த மாத்திரை வேலை செய்யும் வரை காத்திருந்தோம். பெட்டியை விட்டுவிட்டுப் போகத் தம்பி சம்மதிக்கவில்லை. மேசை ஓரத்திலேயே நின்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

கை அடங்கியது. லென்ஸ்காரர் வேலையை ஆரம்பித்தார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் நோயாளி என்றே சொல்ல மாட்டீர்கள். பழையதைக் கழற்றி, தடத்தைத் துடைத்து, புதியதை உட்கார வைத்து, நாடா கேபிளைச் சொருகி, தம்பியிடம் கையை நீட்டினார். "டிஸ்க் குடு." அவன் தானே வைத்தான், தானே மூடினான், தானே பட்டனை அமுக்கினான். பெட்டி தன் ஆரம்ப இசையைப் போட்டது. தம்பி கைதட்டினான். அத்தோடு சரி. டிஸ்க் சுழலவே இல்லை.

"பழைய ஸ்டாக், ஒளி குறைஞ்சிருக்கும்" என்று லென்ஸ்காரர் ஒளியைக் கூட்டும் சின்னத் திருகைக் கொஞ்சம் திருப்பினார். இல்லை. இன்னும் கொஞ்சம். இல்லை. தம்பி காதில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். நான் அவன் கைக்கும் காதுக்கும் நடுவில் தலையணையை வைத்தேன். "வண்டி எப்ப வரும், வண்டி எப்ப வரும்" என்று குரல் ஏறிக்கொண்டே போனது. லென்ஸ்காரர் திருகை மறுபடி திருப்பினார், இந்த முறை நிறையவே.

பிறகு கையை நிறுத்தினார். பூதக்கண்ணாடியை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பொட்டை எடுக்கலை சிஸ்டர்."

புது லென்ஸின் அடியில் ஓர் ஈயப் பொட்டு வைத்துத்தான் அனுப்புவார்களாம். தொடுகிறவர் கையிலிருந்து தாவும் மின்சாரம் லென்ஸைக் கொன்றுவிடாமல் இருக்க அது காவல். கேபிளைச் சொருகியதும் அதை உருக்கி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ஒளியே வராது. ஒன்றும் தெரியாதவன் திருகைத் தொட்டிருக்கவே மாட்டான். தெரிந்தவர் என்பதால்தான் ஒளி போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

"ஆயுசுல இந்தத் தப்பைப் பண்ணினதில்லை" என்றார். அப்போதே விரல் ஆடத் தொடங்கியிருந்தது.

"நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். "நாளைக்குன்னா இவனுக்கு என்னன்னு தெரியும்?"

சூடான சால்டரிங் அயர்னைப் பிடித்த கையின் மணிக்கட்டை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நடுக்கம் என் கைக்கு வந்தது, ஆனால் முனை ஆடவில்லை. ஒரே தொடல். பொட்டு உருகி வந்துவிட்டது. லென்ஸில் தூசு படக் கூடாது என்று அவர் பழக்கப்படி டிஸ்கை மேலே வைத்து மூடியை மூடினார். "அலமாரியில மீட்டர் இருக்கு, எடுங்க சிஸ்டர். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டு வரணும். ரொம்ப ஏத்தி வச்சுட்டேன்."

நான் அலமாரியைத் திறந்தேன். பின்னால் டக்கென்று ஒரு சத்தம்.

மூடி மூடியிருந்தால் பட்டனை அமுக்க வேண்டும். தம்பிக்குத் தெரிந்தது அதுதான். அமுக்கிவிட்டான்.

ஆரம்ப இசை வந்தது. டிஸ்க் விர்ரென்று சுழன்றது. டிவியில் ரோடு விரிந்தது, கார் வந்து நின்றது.

"வண்டி!" என்றான் தம்பி. கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அக்கா பையிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்த வேகம் இருக்கிறதே, அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. மசித்த சோற்றைக் கரண்டியில் எடுத்து நீட்டினாள். கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல் அவன் வாயைத் திறந்தான்.

"ஆஃப் பண்ணுங்க" என்றார் லென்ஸ்காரர். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "அம்மா, ஆஃப் பண்ணணும். ஒளியை அளவுக்கு மேல ஏத்தி வச்சிருக்கேன். இப்ப பிரமாதமா ஓடும். ஓட ஓட லென்ஸ் கருகும்."

அக்கா கரண்டியை நிறுத்தவில்லை. "எவ்வளவு நேரம் தாங்கும் சார்?"

"சொல்ல முடியாது. இப்பவே நிறுத்தினா பிழைக்கும்."

"இப்ப நிறுத்தினா இவன் வாயைத் திறப்பானா சார்? மறுபடி அந்தப் பெட்டியைத் தொட விடுவானா உங்களை?"

லென்ஸ்காரர் தானே போய் அணைக்க எழுந்திருக்கப் பார்த்தார். கால் வரவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து இரண்டு முறை முன்னால் உந்தினார், உடம்பு பின்னாலேயே விழுந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"சாப்பிடட்டும் சார்" என்றாள். "மூணு ரேஸ்தான். அவனே ஆஃப் பண்ணிடுவான். அது வரைக்கும் ஓடினாப் போதும்."

லென்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தலையசைத்தார். "மூணு" என்றார்.

முதல் பந்தயம் முடிந்தது. இரண்டாவதற்கு டிஸ்க் சுழன்றது, ரோடு வந்தது. பாதி டப்பா காலி. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, தலையைச் சாய்த்துப் பெட்டியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன், சளி கட்டிய மார்புகளை. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி வேலை முடிந்து வந்தார். "ஓடுதா! அப்பாடா, எங்க வீட்டு டாக்டர் ஜெயிச்சுட்டார்!" என்று கைப்பையைக் கட்டிலில் போட்டார். யாரும் சிரிக்காததைப் பார்த்து, "என்ன, எல்லார் மூஞ்சியும் இப்படி இருக்கு?" என்றார்.

மூன்றாவது பந்தயத்துக்கு டிஸ்க் சுழன்றது. நின்றது. மறுபடி சுழன்றது. டிக், டிக் என்று லென்ஸ் தேடும் சத்தம். படம் வரவில்லை. தம்பி காத்திருந்தான். கத்துவான், அறைந்துகொள்வான் என்று நான் தலையணையை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அவன் கத்தவில்லை, வாயை மட்டும் மூடிக்கொண்டான். அக்கா நீட்டிய கரண்டி உதட்டில் இடித்தது.

அதற்குப் பிறகு லென்ஸ்காரர் செய்யாததில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த அத்தனை பெட்டிகளையும் பிரித்துப் பார்த்தார். எதிலும் உயிரில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். "அசலா? அதெல்லாம் கனவுல பாருங்க அண்ணே" என்றார்கள். தபாலில் ஒரு போலி வந்தது, ஒரு சாயங்காலம் ஓடியது. இன்னொன்று வந்தது, அது சுழலக்கூட இல்லை. அதற்குள் நடுக்கமும் கூடிவிட்டது. வைத்தியர் மாத்திரையைக் கூட்டினார். கரண்ட் வருகிற நேரம் நீளவில்லை, போகிற நேரம்தான் மோசமானது. ஒருநாள் நாடா கேபிளைச் சொருகுவதற்குள் மருந்து இறங்கி, கேபிள் கிழிந்தது.

அக்கா தினமும் வேலை முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வண்டி இங்கேதான் இருக்கிறது என்று அவன் முடிவு செய்துவிட்டான். பட்டனை அமுக்குவான், ஆரம்ப இசை வரும். அது லென்ஸ் இல்லாமலும் வரும். இசை கேட்கும் நேரத்துக்கு இரண்டு வாய் வாங்குவான். பிறகு வெறும் திரை முன்னால் உட்கார்ந்திருப்பான்.

ஒரு சாயங்காலம் லென்ஸ்காரர் அக்காவைக் கூப்பிட்டார். "என்னால முடியலைம்மா. கையும் போச்சு, சாமானும் இல்லை. உன்னை இப்படி அலைய வைக்கறது நியாயமில்லை."

அவள் அழவில்லை. "சரி சார். ஆனா அதை அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான். நீங்கதான் வண்டிக்காரர்னு நினைச்சுட்டு இருக்கான்."

நானும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைத் தம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்தோம். மடியில் இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தன.

"தம்பி, வண்டி வராது. நான்தான் கெடுத்துட்டேன். இனிமே எனக்கு அதைச் சரி பண்ண வராது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வராது."

தம்பி திரையைப் பார்த்தான். பிறகு மூடியைத் திறந்து டிஸ்கை எடுத்தான், சட்டையில் துடைத்தான், உறைக்குள் போட்டான். பட்டனை அமுக்கி ஆஃப் செய்தான். பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் போய் நின்று அக்காவின் செருப்பை எடுத்து அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

இப்போது வாரத்தில் சில நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். சோற்றைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டச் சொல்லியிருக்கிறேன், எடை பார்க்கிறேன். எடை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. குழாய் வைத்து உணவு கொடுக்க வேண்டி வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். இந்த உடம்புக்காரன் குழாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா என்று எனக்குச் சந்தேகம். அக்காவுக்கும் அதே சந்தேகம்.

திரும்பி வந்து லென்ஸ்காரருக்கு ராத்திரி மாத்திரை கொடுப்பேன். தண்ணீர் சிந்தாமல் இருக்க டம்ளரை நான் பிடித்துக்கொள்வேன். விழுங்கிவிட்டு, "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்பார்.

"நாலு வாய்."

"நேத்து?"

"அஞ்சு."

அவர் மனைவி விளக்கை அணைத்துவிட்டு வந்து படுப்பார்.