ஆடி மாதத்தில் அடைபட்ட மாவு மெஷின்

முருகனை நம்பிக் கும்பிடுகிற சொந்தங்களுக்கு, தாராவி மாவு மில் ஆறுமுகம் எழுதுவது. யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், ஆடி மாதத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது.

வடாலாவில் அந்தப் பட்டறைக் கதவில் பூட்டையும் அதன்மேல் கோர்ட்டாரின் அரக்கு முத்திரையையும் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. கொட்டுகிற மழையில் எதிரே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே என் புது மாவு மெஷின் இருந்தது. அது இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பில்லை. பழைய மெஷினை அதே பட்டறையில் மாற்றுக்குக் கொடுத்திருந்தேன், அதை அவர்கள் உடைத்து உருக்கியும் ஆயிற்று. மிச்ச விலைக்கு என் மனைவி பேச்சியம்மாளின் காது கழுத்தில் இருந்ததெல்லாம் போயிருந்தது. ஆவணி முடிவதற்குள் மில் ஓடாவிட்டால் கொட்டகையை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று இடத்துக்காரர் சொல்லியிருந்தார்.

மெஷின் ஆனிக் கடைசியிலேயே தயாராகிவிட்டது. பின் ஏன் எடுத்து வரவில்லை என்று கேட்பீர்கள். அன்று தாராவியில் முழங்கால் தண்ணீர். எந்தக் கைவண்டிக்காரனும் வரமாட்டேன் என்றுவிட்டான். மறுநாள் ஆடி பிறக்கிறது.

"ஆடியில புது மெஷினை வாசல்ல இறக்கப்பிடாதுங்க. இன்னைக்கே போயி பூசையைப் போட்டு நம்ம சாமானாக்கிட்டு வாங்க. ஆவணியில நல்ல நாள் பாத்து எடுத்துக்கிடுவோம்" என்றாள் பேச்சியம்மாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நம்மில் யாருக்குத்தான் படாது?

பட்டறை முதலாளி ராஜமாணிக்கம் நல்ல மனுஷர். மெஷினுக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தேன். சூடம் ஏற்றப் போனால் என் தீப்பெட்டி நனைந்து ஊறிப்போயிருந்தது. மாட்டுங்காவில் காபிப்பொடிக் கடை வைத்திருக்கும் கிருஷ்ணய்யர் அங்கே இருந்தார். அவரும் காபிக்கொட்டை அரைக்கிற மெஷினுக்குச் சொல்லிவிட்டு, அது இன்னும் துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் தம் தீப்பெட்டியை எடுத்துச் சூடத்தைக் கொளுத்தினார். பூஜை முடிந்ததும் முதலாளி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் மெஷினின் ஸ்பேனரும் வைத்து, "இனி இது உங்க வீட்டுப் பொண்ணு" என்று என்னிடம் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். சுண்டல் தின்றோம். தட்டைக் கொண்டுவந்து வீட்டில் முருகன் படத்தின் முன்னால் வைத்தேன்.

ஆடி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, பட்டறை கடனில் முழுகிவிட்டது. யுத்தத்தின்போது பட்டாளத்துக்குச் சாமான் செய்து கொடுத்துப் பெருத்த பட்டறை அது. யுத்தம் நின்றதும் ஆர்டரும் நின்றது. கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். முதலாளி ராத்திரியோடு ராத்திரியாக எங்கேயோ போய்விட்டார். மெஷினை எடுக்கும்போது பில் தருகிறேன் என்று சொல்லியிருந்தவர், அதைத் தராமலே போனார்.

கோர்ட்டார் நியமித்த அதிகாரி ஒரு மராத்திக்காரர். கடுமையானவர் இல்லை, ஆனால் பிடிகொடுக்காதவர். உள்ளே இருப்பதெல்லாம் கம்பெனிச் சொத்து, ஏலம் போட்டுக் கடன்காரர்களுக்கும் முன்பணம் கட்டியவர்களுக்கும் பங்கிடப்படும் என்றார். பூட்டு விழுமுன்பே மெஷின் என் கைக்கு மாறிவிட்டது என்று நிரூபித்தால் பார்க்கலாம் என்றார். குங்குமம் இருக்கிறதே ஐயா, பாருங்கள் என்றேன். அவர் என்னைக் கதவிடுக்கு வழியாக உள்ளே பார்க்கச் சொன்னார். போன ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் பட்டறை முழுக்க இருந்தது. கால் உடைந்த ஸ்டூலுக்குக்கூட இருந்தது.

பூஜையன்று இருந்த வேலையாட்களைத் தேடினேன். எல்லோரும் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். கிருஷ்ணய்யரிடம் போக எனக்கு மனசில்லை. அவரும் என்னைப் போல முன்பணம் கட்டி ஏமாந்தவர். என் மெஷின் ஏலத்துக்குப் போனால் அவர் பங்கு கொஞ்சம் கூடும். தன் இலையில் விழப்போகிற சோற்றை எடுத்து எனக்குப் போடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

அந்த நாட்களில் எனக்கு அலுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. காலையில் எழுந்தால் கொட்டகையில் ஆயில் எஞ்சின் மட்டும் சும்மா நிற்கும். ரேஷன் கோதுமையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் திரும்பிப் போனால் பிறகு வரவே மாட்டார்கள் என்று பேச்சியம்மாள் கைத்திரிகையில் அரைத்துக் கொடுத்தாள். அவள் உள்ளங்கை கொப்பளித்துப் போயிற்று. "நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லா" என்று அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. படத்துக்கு முன்னால் நின்று முருகனோடு சண்டை போட்டேன். ஆடி மாசத்துக்கு மரியாதை கொடுத்ததற்கு இதுதானா கூலி என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆடிக் கிருத்திகையன்று இரண்டு பேரும் பட்டினி இருந்தோம். அன்று சண்டை போடவும் தெம்பில்லை. "முருகா, எனக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆளை அனுப்பு. ஆள் கிடைக்காவிட்டால் நீயே வா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரமே அதிகாரி முன்பணம் கட்டியவர்களையெல்லாம் பட்டறைக்குக் கூப்பிட்டார். பேக்கரிக்காரர், அச்சாபீஸ்காரர், இன்னும் பலர் வந்திருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு இரும்பைத் தொட்டுக்கொண்டு இது என்னுடையது என்று கத்தினார்கள். என் முறை வந்தது. நான் பூஜைக் கதையைச் சொன்னேன். சாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டார்.

"நான் இருந்தேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கிருஷ்ணய்யர்.

பேக்கரிக்காரரும் தமிழர்தான். அவர் ஐயரின் கையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரும் சாமி. இது ஏலத்துல போனா நமக்கும் பங்கு வரும்லா?"

"வரும். எனக்கும் வேணும்தான். அதுக்காக, நானே சூடம் ஏத்தினதைப் பாக்கலைன்னு சொல்ல முடியுமோ?" என்றார் ஐயர். பிறகு அதிகாரியிடம் இங்கிலீஷில் எல்லாவற்றையும் விளக்கினார். வாய்ச்சொல் மட்டும் போதாதே என்று அதிகாரி தயங்கினார். ஐயர் என் பக்கம் திரும்பினார். "ஆறுமுகம், அன்னிக்கு வெத்தலை பாக்கோட தட்டுல ஒரு ஸ்பேனர் வெச்சுத் தந்தாரே, அது எங்கே? மெஷினைக் கை மாத்தினதுக்கு அதுதானே அடையாளம்?"

நான் மழையோடு மழையாகத் தாராவிக்கு ஓடினேன். முருகன் படத்தின் முன்னால், காய்ந்து சருகான வெற்றிலைமேல் அது இருந்தது. பேச்சியம்மாள் தினமும் அதற்கும் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறாள். நானும் தினமும் அதைத்தான் கும்பிட்டிருக்கிறேன். அதைக் கும்பிட்டுக்கொண்டே வழி காட்டு, வழி காட்டு என்று அழுதிருக்கிறேன்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ராஜமாணிக்கம் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேருக்குத் தம்மிடமே வர வேண்டும் என்று ஒவ்வொரு மெஷினின் பெரிய திருகுக்கும் ஒரு தனி அளவு வைப்பார். என் ஸ்பேனரை அதிகாரி தம் கையால் மற்ற மெஷின்களில் போட்டுப் பார்த்தார். ஒன்றிலும் பிடிக்கவில்லை. என் மெஷினில் மட்டும் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் ஸ்பேனரில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், எடுத்துப் போ என்று கையைக் காட்டினார்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து மெஷினை இறக்கினேன். பழையபடி மில் ஓடியது. ஐயரின் மெஷின் துண்டுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அவருக்குக் கிடைத்த பங்கைச் சொல்லவே வேண்டாம். அவர் கடையில் கையால் சுற்றுகிற சின்ன மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரே போய், "சாமி, உங்க காபிக்கொட்டையை நம்ம மில்லுக்குக் கொண்டாங்க. கூலி கீலின்னு பேசப்பிடாது" என்றேன்.

அவர் சிரித்தார். "மிளகாய் அரைக்கற மெஷின்ல காபியா? குடிக்கறவா தும்மிண்டே ஆத்துக்குப் போவா."

அவர் சொன்னது நியாயம். ஆனால் எங்களுக்கு வருமானம் மிளகாயில்தான். வீட்டில் வந்து சொன்னேன். பேச்சியம்மாள் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் அவளே மெஷின் கல்லைக் கழுவித் துடைத்து, பச்சரிசி போட்டு ஓட்டிச் சுத்தம் பண்ணிவிட்டு, "ஐயரை வரச் சொல்லுங்க" என்றாள்.

அன்பர்களே, முருகனிடம் கேளுங்கள். அலுத்துப்போய்க் கேட்டாலும், சண்டை போட்டுக் கேட்டாலும் அவன் கேட்பான். கேட்டபின் எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் பூஜைத் தட்டைப் பாருங்கள், பக்கத்தில் நிற்கிற மனுஷரைப் பாருங்கள். ராஜமாணிக்கம் முதலாளியும் எங்கேயோ ஒரு முருகன் முன்னால் நின்று அழுதுகொண்டிருப்பார். அவருக்காகவும் ஒரு சூடம் ஏற்றுங்கள்.

ஸ்பேனர் இன்றும் படத்தின் முன்னால்தான் இருக்கிறது. திருகு தளர்ந்தால் முருகனிடம் சொல்லிவிட்டு எடுப்பேன், முடுக்கிவிட்டுத் திருப்பி வைப்பேன். திங்கட்கிழமை காலையில் எங்கள் சந்து முழுக்க மாட்டுங்கா காபி மணக்கும். மிளகாய் கொண்டு வருகிறவர்களை இன்னும் அடுத்த சந்து மில்லுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.