சங்கவிக்கு அரைப்பேர் கிடையாது

என் அப்பா பொன்னுத்துரை உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் இறந்தார். எங்கள் தீவின் பத்துபஸ்தி பகுதியில், எங்கள் தெருவில் அப்படிச் செய்தவர்கள் வேறு யாரும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு சித்ரா அக்கா, "உங்கப்பா எல்லாத்தையும் நீட்டா பண்ணிட்டுப் போயிட்டாரும்மா. உனக்கு ஒரு டென்ஷனும் இல்ல" என்றார். உயிலைப் படிக்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்றரைப் பக்கம். டைப் செய்து, பதிவு செய்து, மூன்று பிரதி. நான்காவது பத்தி இப்படி இருந்தது: "என் மூத்த மகள் சங்கவி தையல் தொழில் செய்து சுயமாகச் சம்பாதிப்பவள். தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் திறமை உள்ளவள். ஆகவே வீட்டில் பாதி அவளுக்கு. அதை அவளே நிர்வகிப்பாள்."

சங்கவிக்கு முப்பத்தாறு வயது. பிறக்கும்போது கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. மூளைக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் சில நிமிடம் போகவில்லை. குளிக்க வைக்க ஆள் வேண்டும். ரோட்டைத் தனியாகக் கடக்க மாட்டாள். நாற்பது வரை எண்ணுவாள், பிறகு மறுபடி ஒன்று. தையல் தொழில் என்பது இதுதான்: பல வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் சித்ரா அக்கா ஜாக்கெட்டுக்கு ஹூக் வைக்கக் கொடுத்தார். சங்கவி பதினோரு ஹூக் வைத்தாள். பதினொன்றையும் சித்ரா அக்கா பிரித்து மறுபடி வைத்தார். அப்பாவைப் பொறுத்தவரை மகள் தொழிலில் இறங்கிவிட்டாள்.

அப்பா ஹேடோ வார்ஃபில் டாலி கிளார்க். மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல் இறக்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலை. மூட்டை எத்தனை, பெட்டி எத்தனை, சேதம் எத்தனை. இந்த மூன்றாவது கட்டம் அவருக்கு ஆகாது. பெட்டி நசுங்கி எண்ணெய் ஒழுகினாலும், திறந்து கண்ணால் பார்க்காமல் 'சேதம்' என்று எழுத மாட்டார். இதற்காகவே சரக்கை எடுக்க வரும் ஏஜெண்டுகளோடு இருபத்தெட்டு வருடச் சண்டை. அவர் ரிட்டயரான அன்று பெரிய மாலை போட்டது அவர்கள்தான். அவ்வளவு நிம்மதி.

வீட்டிலும் அதே கொள்கை. ரேஷன் கார்டு, சென்சஸ், பென்ஷனுக்கான குடும்ப விவரப் படிவம், எதுவானாலும் 'ஊனம் ஏதேனும் உண்டா' என்ற கேள்விக்கு அப்பாவிடம் ஒரே பதில்தான். இல்லை.

நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்து பவர்ஹவுசில் வேலை பார்க்கிறேன். ஒரு ஜெனரேட்டர் நின்றால் அடுத்தது எது என்று எழுதி வைக்காமல் எங்கள் ஷிஃப்ட் முடியாது. அம்மா இறந்து ஆறு மாதம் ஆனபோது அந்தக் கேள்வியை வீட்டிலும் கேட்டுத் தொலைத்தேன்.

"அப்பா, உங்களுக்கு அப்புறம் அக்காவுக்கு ஆயுசுக்கும் பென்ஷன் கிடைக்கும். நீங்க இருக்கும்போதே அவ பேரை ஏத்திடலாம். கார்டியன்னு என் பேரைக் குடுத்துடலாம். ஒரே ஒரு ஃபார்ம்."

"அதுல என்னா எழுதணும்?"

"அவளால சம்பாதிச்சுப் பொழைக்க முடியாதுன்னு."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப எம்புள்ளைக்கு அரைப்பேர் போடச் சொல்ற."

அப்பா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அங்கே ஒரு நாள் வேலைக்கு செக்ரோல் என்ற கூலி ரெஜிஸ்டரில் ஒரு 'பேர்' விழும். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர். அப்பாவின் அக்கா சுப்பம்மாளுக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. வேலைக்குப் போன முதல் நாளே கங்காணி அரைப்பேர் எழுதினார். அதன் பிறகு அத்தை கூடை நிறையப் பறித்த நாளிலும் அரைப்பேர்தான். ஏற்கெனவே எழுதியாகிவிட்டதே, யார் மாற்றுவது? குடும்பம் கப்பலேறி இந்தியா வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டப் போன பிறகும் சொந்தக்காரர்கள் அவரைக் கூப்பிட்டது 'அரைப்பேர்' என்றுதான். கடைசிவரை கல்யாணமும் ஆகவில்லை.

"இது கூலி இல்லப்பா, பென்ஷன்" என்றேன்.

"ரெண்டும் ரெஜிஸ்டர்தானே? ஒருக்கா எழுதிட்டா எழுதினதுதான். இவளுக்கு என்னா கொறச்ச? சங்கவி, இங்கன வா. தங்கச்சிக்கு சைன் போட்டுக் காட்டு."

சங்கவி போட்டாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். அப்பா மூன்று வருடம் தினமும் கையைப் பிடித்துப் பழக்கியது. எங்கள் பாங்க் மேனேஜர் கையெழுத்தைவிட அழகு.

"அதுக்கு மேல நீ எதுக்கு இருக்க?" என்றார் அப்பா.

அதாவது பேக்கப் நான். எனக்குப் பேக்கப் யார் என்று கேட்டேன். "நல்ல வார்த்தை பேசு புள்ள" என்று எழுந்து போய்விட்டார். எங்கள் குடும்பத்தின் எதிர்காலத் திட்டக் கூட்டம் அத்துடன் முடிந்தது.

போன மார்ச்சில் ஒரு காலை, சங்கவிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அப்பா உட்கார்ந்தபடியே சரிந்தார். ஒரு ஜடைதான் முடிந்திருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு, மற்ற ஜடையை நான் பின்னினேன். ஏன் என்று தெரியவில்லை.

பென்ஷன் செக்‌ஷனில் ஸ்ரீநிவாஸ் என்பவர். நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, டீ சொல்லி, ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். உள்ளே உயிலின் மூன்றாம் பிரதி.

யாரும் கேட்கவில்லை, அப்பாவாகவே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். டாலி ஷீட் எப்போதும் மூன்று: கப்பலுக்கு ஒன்று, ஏஜெண்டுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. உயிலும் அப்படியே. வீட்டுக்கு ஒன்று, லாக்கருக்கு ஒன்று, மகளின் பென்ஷனைத் தடுப்பதற்கு ஒன்று.

"தேக்கியே, பாருங்க மேடம், சம்பாதிக்கிற பொண்ணுக்கு பென்ஷன் நஹி. இது நான் சொல்லல. உங்க ஃபாதரே சொல்றாரு. ரிஜிஸ்டர் பண்ணிச் சொல்றாரு."

"அவர் பொய் சொல்லிட்டார் சார்."

"அரே, போனவங்களைப் பத்தி அப்படிச் சொல்லலாமா?" அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "மெடிக்கல் போர்டுக்குப் போங்க. 'பிழைக்க முடியாதவர்'னு டாக்டர் எழுதட்டும். அந்தப் பேப்பர் இந்தப் பேப்பரை அடிச்சிடும். அதுக்கப்புறம் கார்டியன் மனுவும் சட்டுனு நகரும்."

ஆக, அப்பா முப்பத்தாறு வருடம் கட்டியதை ஒரு முற்பகலில் இடிக்க வேண்டும். இடித்தால்தான், நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனாலும் சங்கவி சாப்பிடுவாள்.

"அழுக்கு டிரஸ்ஸுல கூட்டிட்டுப் போ. தலை வாராத" என்றார் சித்ரா அக்கா. சங்கவி சம்மதிக்கவில்லை. புது சுடிதார், முகம் நிறையப் பவுடர், கைப்பையில் பேனா.

போர்டில் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த பெண் டாக்டர் பெயர் கேட்டார். பதிலுக்கு சங்கவி பேனாவை எடுத்தாள். அவர் காகிதத்தை நகர்த்தினார். கையெழுத்து விழுந்தது.

"பஹுத் அச்சா!" என்றார் பக்கத்து டாக்டர். அந்தப் பாராட்டில் பென்ஷன் ஓரடி தள்ளிப்போனது.

"என்ன வேலை பண்றீங்க?"

"டாலி" என்றாள் சங்கவி. ஜன்னல் கம்பிகளை எண்ணினாள், அலமாரி ஃபைல்களை எண்ணினாள். நாற்பது வந்தது. "ஒண்ணு" என்றாள். மூன்று பேனாக்களும் நின்றன.

"வீட்டுல எப்படின்னு நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் திரும்பினார் நடுவில் இருந்த டாக்டர். "அவங்க வெளிய உக்காரட்டுமா?"

வெளியே தனியாக உட்கார முடியாது என்பதுதான் என் வழக்கே. எனவே அவள் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். பழுது ரிப்போர்ட் வாசிப்பதுபோல, வரிசையாக. தனியாகக் குளிக்க முடியாது. அடுப்புப் பக்கம் விட முடியாது. ரூபாய் நோட்டு தெரியாது. மாதவிலக்கு நாட்களில் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றுக்கும் சங்கவி டாக்டரைப் பார்த்து, பொறுமையாக, "முடியும்" என்றாள். நான் எட்டு முறை முடியாது என்றேன். அவள் எட்டு முறை முடியும் என்றாள். ஒன்பதாவதாக ஒன்று வைத்திருந்தேன், அதைச் சொல்லாமல் விட்டேன்.

டாக்டர் எழுதினார். பிழைப்புத் தேட இயலாதவர். நிரந்தரம். ஊனம் எழுபத்தைந்து சதவீதம். முத்திரை குத்தி, சங்கவி நீட்டிய கையிலேயே சான்றிதழைக் கொடுத்தார்.

படியிறங்கும்போது சங்கவி கேட்டாள். "பாஸா?"

"பாஸ்."

"எவ்ளோ?"

"எழுபத்தஞ்சு."

ஆட்டோவில் ஏறியதும் டிரைவர் முகத்துக்கு முன்னால் சான்றிதழை நீட்டி, "எழுபத்தஞ்சு!" என்றாள். வயதான வங்காளி. எழுத்தைப் படிக்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார். "ஷாபாஷ் பேட்டி!" என்று தன் மகளையே பாராட்டுவதுபோல் சொன்னவர், என் பக்கம் திரும்பி, தன் பையனுக்குப் பரீட்சையில் இந்தத் தடவையும் மார்க் முப்பதைத் தாண்டவில்லை, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று இந்தியில் புலம்பினார்.

சங்கவி முன்னால் சாய்ந்து அவர் தோளைத் தட்டினாள். "முடியும்" என்றாள்.