பதினாறுக்குப் பதினாறு

“அந்த ஆக்கள் போய்ச் சேந்திருப்பினமோ, பிள்ளை?”

மக்டலீன் அன்ரி இதை என்னிடம் கேட்டபோது ஒரு காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றால் ரயரின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பூசை முடிந்து எல்லோரும் கோயில் மண்டபத்துக்குத் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். நான் அம்மாவின் கார்ச் சாவியுடன் வாகனத் தரிப்பிடத்தில் நின்றேன். எந்த ஆக்கள் என்று எனக்குத் தெரியாது. “ஆர் அன்ரி?” என்றேன். பனி உருக வீதியில் தூவிய உப்பும் சேறும் கழன்ற இடத்தில் எண்கள் தெரிந்தன. “ரூ பிப்ரீன், சிக்ஸ்ரி, சிக்ஸ்ரீன்” என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு எழும்பி அடுத்த காரடிக்குப் போனார்.

இது அவருடைய வழக்கம். ஐப்பசியில் தொடங்கினால் சித்திரை வரைக்கும் நடக்கும். கோட்டுப் பையில் பிரஷ் இருக்கும். கம்பளிக் கையுறைக்கு மேலே, பாத்திரம் கழுவும் செம்மஞ்சள் நிற ரப்பர் கையுறை இருக்கும். ஒவ்வொரு காரடியிலும் நின்று, குனிந்து, படித்து, நகருவார். “மக்டலீன் ரயருக்குச் சிலுவைப்பாதை செய்யிறா” என்று ஆண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு அது கேட்கும். திரும்பிப் பார்க்கமாட்டார்.

மக்டலீன் அன்ரிக்கு ஐம்பத்திரண்டு வயது. மன்னாரில் பேசாலை அவருடைய ஊர். ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் தனியே இருக்கிறார். பதினொரு வருடமாக ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்குப் பெரிய பாரவண்டி ஓட்டுகிறார். போக ஐந்து நாள், வர ஐந்து நாள். அதனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் அவரைக் கோயிலில் காணலாம். இயந்திரச் சத்தத்துக்குள்ளேயே இருந்து பழகியதால், இரகசியம் பேசினாலும் நாலு வாங்கு தள்ளி இருக்கிறவருக்கும் கேட்கும். வேறு யாராவது ஓட்டும் வாகனத்தில் ஏறமாட்டார். தன் வண்டிக் கண்ணாடியில் செபமாலை கூடத் தொங்கவிடமாட்டார். “பாக்கிற இடத்தில ஒண்டும் ஆடக்கூடாது” என்பார். செபமாலை இருக்கைக்குக் கீழே ஒரு பிஸ்கட் பேணியில் இருக்கிறது.

மலைக்குப் போகிறவர்கள் சங்கிலி பற்றிக் கேட்டால் நின்று சொல்லுவார். பனியில் வழுக்காமல் இருக்க ரயரைச் சுற்றி மாட்டுகிற இரும்புச் சங்கிலியைத்தான் சொல்கிறேன். “இஞ்ச உது தேவையில்லை. மலையும் பனிப்பூவும் அடையாளமாக் கீறின வின்ரர் ரயரைப் போட்டு மெல்லமாப் போ. செயின் மலைக்கு மட்டும்.” இவ்வளவும் சொல்லுவாரே தவிர, மற்றவர்களின் சங்கிலியைக் கையால் தொடமாட்டார். “சொல்லுவன். தொடமாட்டன்.” அதற்கும் காரணம் அப்போது எனக்குத் தெரியாது.

கார்த்திகை மாதத்தின் கடைசி ஞாயிறு அது தெரிந்தது.

ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில் எங்கள் தெருவில் இருப்பவர் அமிர்தநாதர் அங்கிள். அறுபத்தாறு வயது. அவருடைய மகள் ஜெசிகா பிரிட்டிஷ் கொலம்பியாவில், மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறார். மார்கழி நடுவில் அவருக்கு முதல் பிள்ளை பிறக்க இருந்தது. அங்கிளின் மனைவி றோசலின் அன்ரிக்கு விமானத்தில் ஏறினால் காதுக்குள் ஊசி குத்துவது போல இருக்கும். ஆகவே இரண்டு பேரும் காரிலேயே புறப்பட முடிவு செய்திருந்தார்கள். வியாழக்கிழமை பயணம். பின்பெட்டிக்குள் பிள்ளைத் தொட்டில், வறுத்த அரிசிமா, நல்லெண்ணெய், பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூள் எல்லாம் அப்போதே ஏறியிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஓர் அரிசிப் பைக்குள் சங்கிலி.

அங்கிள் பையைத் தூக்கிக் காட்டினார். “மச்சான் தந்தது. விட்பியில இருக்கிற இவவின்ர தம்பி. போன மாசம் கார் மந்திரிக்கேக்க பங்குச் சுவாமி இதுக்கும் தண்ணி தெளிச்சவர்.”

“என்ன சைஸ் அண்ணை?” என்று மக்டலீன் அன்ரி கேட்டார்.

“பதினாறு. என்ர ரயரும் பதினாறு. பதினாறுக்குப் பதினாறு, பிறகென்ன?”

பிரஷ் பிடித்த கை அப்படியே நின்றது.

“போட்டுக் காட்டுங்கோ.”

“இப்பவோ? இந்தக் கோட்டுச் சூட்டோடயோ?”

“மலையில நிண்டாலும் போட்டிருக்கிற உடுப்போடதான் அண்ணை நிப்பியள்.”

தேநீர்க் கோப்பைகளுடன் வெளியே வந்த ஆண்கள் சிரித்தார்கள். அங்கிளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டைக் கழற்றி றோசலின் அன்ரியிடம் கொடுத்துவிட்டு, சங்கிலியைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தடிக்குப் போனார்.

“அண்ணை, உங்கட கார் முன்னுக்கு இழுக்கிற கார். முன் ரயருக்குத்தான் போடவேணும்.”

“நான் ஊரில பத்து வருசம் வான் ஓடினவன்.”

“ஓம். அது பின்னுக்கு இழுத்தது.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அங்கிள் முன்பக்கம் வந்தார். சங்கிலி சுகமாக ஏறியது. கொளுக்கியை மாட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார். “பாத்தியோ தங்கச்சி? ரெண்டு நிமிசம்.”

“லேசா ஏறினதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. றோசலின் அக்கா, அந்தச் செயினுக்குக் கீழ கையை விட்டுப் பாருங்கோ.”

றோசலின் அன்ரி குனிந்தார். காப்பு போட்ட அவருடைய கை, பொத்திய முட்டியோடு உள்ளே போய் வந்தது.

“ஓடேக்க இறுகும்” என்றார் அங்கிள்.

“அப்ப அந்த மதில் வரைக்கும் ஓடிக் காட்டுங்கோ. மெல்லமா.”

கார் புறப்பட்டது. முதலில் இரும்பு தார்த்தரையில் அரைபடும் சத்தம். அதன் பிறகு வேறொரு சத்தம். டக். டக். டக். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று உள்ளே மோதியது. மதிலடியில் கார் திரும்பியபோது பெரிதாக ஒரு வெடிப்புக் கேட்டது. அங்கிள் நிறுத்தி இறங்கினார். சக்கரத்துக்கு மேலே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி கிழிந்து, ஒரு துண்டு பனியில் கிடந்தது. றோசலின் அன்ரி சிலுவை போட்டுக்கொண்டார்.

சங்கிலியின் கொளுக்கியில் சின்னத் தகரத் துண்டு ஒன்று கட்டியிருந்தது. நான் அதைப் படித்தேன். 245, 75, 16. ரயரில் இருந்தது 215, 60, 16. முதல் எண் ரயரின் அகலம். இரண்டாவது, அந்த அகலத்துக்கு ரயரின் பக்கச்சுவர் எவ்வளவு உயரம் என்பது. மூன்றாவதுதான் நடுவில் உள்ள இரும்பு வளையத்தின் அளவு. மூன்றும் ஒத்துவர வேண்டும். விட்பி மச்சானின் சங்கிலி ஒரு பெரிய பிக்கப் வாகனத்துடையது. கடைசி எண் மட்டும்தான் ஒத்துப்போனது.

நான் இதைச் சொல்லத் திரும்பியபோது மக்டலீன் அன்ரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்” என்றார். அவருடைய குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

ஆறு வருடத்துக்கு முன் நடந்ததை அவர் சொன்னார். ஒரு மாசி மாதப் பின்னேரம். மலை ஏறுவதற்கு முன்பாகப் பாரவண்டிகள் நின்று சங்கிலி மாட்டும் இடம். சாம்பல் நிற வான் ஒன்று அங்கே ஓரமாக நின்றது. இளம் தம்பதி, ஒரு சின்னப் பிள்ளை. அந்த மனிதர் கைபேசியில் தமிழில் யாரிடமோ பதறிக்கொண்டிருந்தார். மக்டலீன் அன்ரி இறங்கிப் போனார். திருச்சிக்காரர்கள். மலைக்கு அந்தப் பக்கம் புது வேலைக்குப் போகிறார்கள். சங்கிலி இல்லாமல் ஏற ஏலாது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

“நான் ஒரு பழைய கார்ச் செயின் வச்சிருந்தனான். ஆரோ வீட்டு வாசலில வித்தது. எங்கட ஆக்கள் ஆரும் வழியில நிண்டால் குடுக்கலாமெண்டு வாங்கினது. அதைக் குடுத்தன். குடுத்தது மட்டுமில்லை, நானே குந்தியிருந்து போட்டும் விட்டன். பதினஞ்சுக்குப் பதினஞ்சு எண்டு சொன்னன் அண்ணை. நீங்கள் சொன்ன மாதிரியே. மற்ற நம்பரைப் பாக்கேல்லை. சேறாயிருந்தது. துடைக்கேல்லை.”

தொங்கிய பகுதியை ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறார். அந்தப் பெண் அவருடைய கையைப் பிடித்து, “நீங்க இல்லன்னா இன்னிக்கு என்ன பண்ணியிருப்போம்னே தெரியலக்கா” என்றாராம். பிள்ளையின் ஒரு காலில் மட்டும் பச்சைச் சப்பாத்து இருந்ததாம். மற்றக் கால் சப்பாத்தை வானுக்குள் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

“வான் வெளிக்கிடேக்க டக் டக் எண்டு கேட்டது. ஹோர்ண் அடிச்சு நிப்பாட்டியிருக்கலாம். ஒஃபிஸில இருந்து போனுக்கு மேல போன். நான் என்ர செயினைப் போட ஓடிட்டன்.”

ஒரு மணித்தியாலம் கழித்து மேலே வீதி மூடப்பட்டது. முன்னால் விபத்து. மக்டலீன் அன்ரி நாலு மணித்தியாலம் வரிசையில் நின்றார். வீதி திறந்து அவ்விடத்தைத் தாண்டியபோது வெறும் பனி. ஒரு தடயமும் இல்லை.

“ரோட்டில கொடி பிடிச்சு நிண்டவனைக் கேட்டனான். விபத்துப்பட்டது வான் ஒண்டாம் எண்டான். என்ன நிறம் எண்டு அவனுக்குத் தெரியாது. நான் அவையின்ர பேரைக்கூடக் கேக்கேல்லை.”

தேநீர்க் கோப்பைகளில் ஆவி நின்றுவிட்டது.

“மரித்தவையின்ர திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரி கொளுத்துறியள். நானும் வரிசையில நிப்பன். கிட்டப் போனதும் திரும்பிடுவன். உயிரோட இருக்கிற ஆக்களுக்கு அண்டைக்கு எப்பிடிக் கொளுத்துறது? உயிரோட இல்லையெண்டால், கொளுத்தாமல் எப்பிடி இருக்கிறது?”

இரண்டு கிழமைக்கு முன் அவர் என்னிடம் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அமிர்தநாதர் அங்கிள் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “மந்திரிச்சதெல்லோ...” என்று மெல்ல இழுத்தார். “மச்சான் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?”

“இஞ்சேருங்கோ, என்ர தம்பிக்கு நான் சொல்லுவன்” என்றார் றோசலின் அன்ரி. “வழியில ஏதுமெண்டால் உங்கட மகளுக்கு ஆர் சொல்லுறது?”

மக்டலீன் அன்ரி கார்ப் புத்தகத்தைக் கேட்டார். அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் காரின் முன்பெட்டிக்குள் இருந்தது. றோசலின் அன்ரி பல்லால் கடித்து உறையைக் கிழித்தார். ரயருக்கும் காருக்கும் நடுவில் இடைவெளி குறைவு, தடித்த சங்கிலி போடக்கூடாது, மெல்லிய கம்பிவடம் மட்டும் போடலாம் என்று அதில் எழுதியிருந்தது. அன்ரி அந்தப் பக்கத்தை அங்கிளைக் கொண்டே வாசிக்க வைத்தார்.

“மூண்டு நம்பரும் பெட்டியில இருக்கவேணும் அண்ணை. இல்லாட்டி வாங்காதேங்கோ. முன் ரயர் ரெண்டுக்கும் போடுங்கோ. போட்டுக் கொஞ்சத் தூரம் ஓடி, இறங்கித் திரும்ப இறுக்குங்கோ. ஐம்பதுக்கு மேல போகாதேங்கோ. பனி இல்லாத ரோட்டு வந்தால் உடன கழட்டுங்கோ.” கொஞ்சம் நின்று, “மந்திரிச்சது வீட்டில கிடக்கட்டும். அதில ஒரு பிழையுமில்லை” என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு அங்கிள் புதுக் கம்பிவடப் பெட்டியோடு கோயில் தரிப்பிடத்துக்கு வந்தார். மூன்று எண்களையும் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். நானும் போயிருந்தேன். முதல் தடவை மாட்ட அவருக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. விரல்கள் விறைத்தன. இரண்டு முறை வாய்க்குள் ஏதோ திட்டினார். மக்டலீன் அன்ரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கழற்றச் சொன்னார், திரும்ப மாட்டச் சொன்னார். இரண்டாம் தடவை பதினொரு நிமிடம்.

“இப்ப ஓடுங்கோ.”

அன்று பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகை குளிர். கார் புறப்பட்டதும் மக்டலீன் அன்ரி கம்பளித் தொப்பியைக் கழற்றினார். நரைத்த தலையைச் சரித்து, ஒரு காதைக் காரின் பக்கம் திருப்பினார். இரும்பு அரைபடும் சத்தம் மதில் வரைக்கும் போய் வந்தது. வேறொன்றும் கேட்கவில்லை. அங்கிள் நிறுத்தி, இறங்கி, இறுக்கினார். “இன்னொருக்கா” என்றார் அன்ரி. மூன்று முறை ஓட வைத்தார். அவருடைய காது சிவந்து, பிறகு வெளுத்தது. தொப்பியைப் போடவில்லை.

அவர்கள் புறப்பட்டுப் பத்து நாள் கழித்து வந்த ஞாயிறு, பூசைக்குப் பிறகு அவர் என்னை அழைத்து, தன் கைபேசியைக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். றோசலின் அன்ரியின் குரல். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு வசனம்: “மக்டலீன், நாங்கள் போய்ச் சேந்திட்டம்.” நான் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைத் தன் காதில் வைத்து மறுபடியும் கேட்டார். பிறகு பையிலிருந்து பிரஷை எடுத்துக்கொண்டு, முதலாவது காரடியில் குந்தினார்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். மேற்கே இருக்கிற உறவினர்களுக்கு, நண்பர்களுக்கு, அவர்களுடைய நண்பர்களுக்கு அனுப்புங்கள். ஆறு வருடத்துக்கு முன், ஒரு மாசி மாதம், சாம்பல் நிற வான். திருச்சிக்காரர்கள். ஒரு காலில் பச்சைச் சப்பாத்துப் போட்டிருந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். இது எப்படியாவது அவர்களிடம் எட்டினால், இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதட்டும். பெயர்கூட வேண்டாம். போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றால் போதும்.